துணி காயற வரைக்கும்

அந்த ஓரத்துல உக்காராதீங்க அம்மிணி, மேல தகரத்துல இருந்து சொட்டும். இக்கட்ட வாங்க, இந்த பெஞ்சு காஞ்சிருக்குது. மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குத்தானுங்களே? இன்னும் வரலைங்க. மேகம் எறங்கிருச்சுன்னா வண்டி மெதுவாத்தான் வரும். இந்தக் குன்னூர்ல எல்லாமே மெதுவுதான். நானும் அதே பஸ்ஸுக்குத்தான் நிக்கறேன். அதா, அந்தக் காக்கிப் பை என்னுது. பரவால்லைங்க, நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன். முட்டி வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உக்காந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மேல பாத்தீங்களா, இந்தப் பச்சைத் துணி? பேக்கரி போஜண்ணன் கடைக்கு முன்னாடி வெயிலுக்கும் மழைக்கும் நீட்டி விட்டிருக்காரு. ஆனிங்னு சொல்லுவாங்க. முந்தாநாள் வரைக்கும் இது என்ன நெறம்னே தெரியாதுங்க. பாசி புடிச்சு, ஒரு மூலையில சின்னதா செடியே மொளைச்சிருந்துச்சு. நாங்க கழுவுனதுதான். மெஷின்ல தண்ணியப் பீச்சிக் கழுவறது, கழுவிக் காஞ்சதும் தண்ணி உள்ள எறங்காம இருக்க மேல ஒரு கோட்டிங் குடுக்கறது. அதுதான் நம்ம காண்ட்ராக்ட். என்ர பேரு திருமூர்த்தி. கோயமுத்தூர் பக்கத்துல இருகூருங்க. எங்க ஊட்டுக்காரி ரங்கநாயகி இப்ப மார்க்கெட் பக்கம் ஒரு ரூமு பாக்கப் போயிருக்கா, வாடகைக்கு. அவளுக்கு இங்கயே வேலை வரிசையா கெடைச்சிருச்சு. ரெண்டு லாட்ஜு, ஒரு சர்ச்சு ஹாலு, அப்பறம் இன்னொரு பேக்கரி. மழை ஆரம்பிக்கற வரைக்கும் இங்கயே தங்கிருவாளாட்டம் இருக்குது.

அவளுக்குன்னு சொல்லிட்டேனில்ல? எங்களுக்குன்னு சொல்லியிருக்கோணும். பாருங்க, எனக்கே வாயில அப்பிடித்தான் வருது. அதுதானுங்க என்ர கொறையே.

மொதல்ல இந்தத் தொழிலை ஆரம்பிச்சது ஆருன்னு நெனைக்கறீங்க? நான். இருகூர் பிரிவுல வாட்டர் சர்வீஸ் கடை வெச்சிருந்தேன். பைக்கு, காரு, டெம்போ, எது வந்தாலும் கழுவித் தர்றது. தண்ணி பீச்சற கன்னைக் கையில புடிச்சு வெசையை அழுத்துனா தண்ணி கத்தியாட்டம் போகும் பாருங்க, அழுக்கு அப்பிடியே தோலு உரிஞ்ச மாதிரி வழிஞ்சு ஓடும். அந்த சந்தோசம் வேற எந்த வேலையிலயும் இல்லீங்க. கண்ணு முன்னாலயே பழசு புதுசாகறது. ஒரு நாளு எதிர்த்த பேக்கரிக்காரரு கேட்டாரு, இந்த ஆனிங்கையும் கொஞ்சம் அடிச்சு உடறியான்னு. அடிச்சேன். கீழ செவப்பு வெள்ளைக் கோடு தெரிஞ்சுச்சு. அவருக்கே மறந்து போயிருந்துச்சு, தன்ர கடைத் துணியில கோடு இருந்தது. ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. அன்னைக்கே ரெண்டு கடைக்காரங்க எங்க கடைக்கும் வான்னுட்டாங்க.

ரங்கநாயகி அப்ப திருப்பூர் கம்பெனியில தையலுக்குப் போயிட்டு இருந்தா. கிழிஞ்ச துணிய ஆரு தைக்கறதுன்னு நாந்தான் அவளைக் கூப்புட்டேன். நான் கழுவுவேன், அவ தைப்பா, அப்பறம் ரெண்டு பேரும் கோட்டிங் அடிப்போம். நல்லாத்தான் போச்சு. ஆனா ஒரு விசயத்துல மட்டும் எங்களுக்குள்ள ஒத்து வராது. காயறது.

துணி காயாம கோட்டிங் அடிக்கக் கூடாதுங்க. அது எனக்கும் தெரியும், தெரியாம இல்லை. உள்ள ஈரம் மாட்டிக்கிட்டா வெளிய வர வழியில்லாம துணிக்குள்ளயே கெடந்து பூசணம் புடிச்சுக்கும். ஆனா எப்ப காஞ்சிருச்சுன்னு ஆரு சொல்றது? நான் பாத்தாப் போதும், எனக்குத் தெரியும். நெறம் வெளுத்திருச்சுன்னா காஞ்சிருச்சு. அவ ஒத்துக்க மாட்டா. ஏணியில ஏறி, தையல் ஓரமா புறங்கையை வெப்பா. கன்னத்துல துணிய வெச்சுப் பாப்பா. ஜில்லுன்னு இருந்தா எறங்கி வந்து உக்காந்துக்குவா. சும்மா உக்காந்திருப்பாங்க அம்மிணி. போனு நோண்ட மாட்டா, ஆரோடயும் பேச மாட்டா, அந்தத் துணியப் பாத்துட்டே உக்காந்திருப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்த நேரத்துல இன்னொரு கடைய முடிச்சிருவேன் நானு. முடிச்சுமிருக்கேன். அவ இங்க உக்காந்திருப்பா, நான் அடுத்த தெருவுல தண்ணி பீச்சிட்டு இருப்பேன்.

கொஞ்சம் இருங்க, வெயில் வருதான்னு பாத்துட்டு வந்தர்றேன்.

வரலைங்க. வர்றாப்புல வந்துட்டுப் போயிருச்சு.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா, டாக்டரம்மா. ஒண்டிப்புதூர்ல ஒரு குழந்தை டாக்டரம்மா கிளினிக்கு வெச்சிருக்காங்க. உள்ள எடம் பத்தாது. குழந்தைகளைத் தூக்கிட்டு வர்ற பொம்பளைக எல்லாம் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, மேல ஒரு நீல ஆனிங். எங்க ரங்கநாயகிக்கு அந்த ஒரு ஆனிங் மேல மட்டும் என்ன பாசமோ. மத்த கடைத் துணியெல்லாம் ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி. நூலு கூட அதே நீலத்துல வேணும்னு டவுன்ஹால் வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தா. வேலை முடிஞ்சாலும் கெளம்ப மாட்டா. பெஞ்சுல உக்காந்திருக்கற எவளோ ஒருத்தி குழந்தையை வாங்கி மடியில வெச்சுக்குவா, பெத்தவ உள்ள போயி ஊசி போடறவங்ககிட்டக் கேட்டுட்டு வர்ற வரைக்கும். எனக்கு அது எதுக்குன்னே புரியாதுங்க. வந்த வேலையப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே?

போன ஐப்பசிக்கு முன்னாடி அந்த ஆனிங்கக் கழுவிப் போட்டோம். அடுத்த நாளு அவளுக்கு பல்லடத்துல சொந்தக்காரங்க, ஒறம்பரை ஊட்டு விசேசம், போயே ஆகோணும். போறப்பச் சொல்லிட்டுப் போனா. துணிய அப்பிடியே உட்டுருங்க, நான் வந்து பாத்துக்கறேன், நாளைக்குக் காயலைன்னா நாளான்னைக்குக் கோட்டிங் அடிச்சுக்கலாம்னா. சரின்னுதான் சொன்னேன். சொல்லிட்டு கடையிலதான் இருந்தேன். மத்தியானம் வெயிலு பல்லைக் காட்டிட்டு அடிச்சுது பாருங்க, எனக்கு இருப்புக் கொள்ளலை. அந்தப் பக்கம் ஒரு சோலியாப் போற மாதிரிப் போயிப் பாத்தேன். வெளுத்துக் கெடந்துச்சு துணி. இதுக்கு மேல என்ன காயோணும்? சாயங்காலம் மழை வந்தா கழுவுனது பூராவும் வீணு. அடிச்சுட்டேன். நெம்ப அழகா வந்துச்சுங்க. முடிச்சுட்டு ஒரு சொம்புத் தண்ணிய மேல தெளிச்சுப் பாத்தேன், முத்து முத்தா நின்னு உருண்டு ஓடுச்சு. டாக்டரம்மாவே வெளிய வந்து பாத்து நல்லா இருக்குதுன்னாங்க.

ரங்கநாயகி வந்து பாத்தா. ஏணியில ஏறி அடிப்பக்கம் கையை வெச்சா. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. எறங்கி வந்து ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவ கிட்ட அதுதான் கஷ்டம்.

அப்பறம் மழை புடிச்சுது. வாரக் கணக்குல விடலை. கார்த்திகை பொறந்ததும் டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணாங்க. போயிப் பாத்தா அடிப்பக்கம் பூராவும் கருப்பு கருப்பா பொட்டு. வாசல்ல நொழைஞ்சதும் ஒரு நாத்தம், ஈரச் சாக்குக்குள்ள தலையை உட்ட மாதிரி. டாக்டரம்மா சத்தம் போடறவங்க இல்லீங்க. மூச்சுத் திணறல்னு வர்ற குழந்தைக இதுக்கு அடியில உக்காந்துட்டு இன்னும் மோசமாகி உள்ள வருதுன்னாங்க. நான் சொன்னேன், மழைக்காலத்துல குழந்தைகளுக்குச் சளி புடிக்காமயா இருக்கும், துணி என்னங்க பண்ணும்னேன். ஞாயம்தானுங்களே? அவங்க என்னையே பாத்துட்டு, மொதல்ல இதக் கழட்டுங்கன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நானும் நாளைக்கு வர்றேன்னு வந்துட்டேன். மழையில எப்பிடிங்க கழட்டறது?

அன்னைக்கு சாயங்காலமே ரங்கநாயகி போயிட்டா. எப்பிடித் தெரிஞ்சுதோ. நான் கடையில ஒரு வேனைக் கழுவிட்டு நிக்கறேன், இவ ஆட்டோவுல அந்தத் துணிய மடிச்சு வெச்சுட்டு நனைஞ்சு வந்து எறங்கறா. தானே ஏணி போட்டு ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டியிருக்கா. ஊட்டுக்கு மேல கொண்டு போயி, மெஷின் கூட வேண்டாம்னுட்டு, சோப்புத் தண்ணியும் மெது பிரசும் வெச்சுக் கையிலயே தேச்சா. நான் அடிச்ச கோட்டிங் பூராவும் உரிச்சு எடுத்தா. மழை வந்தா உள்ள இழுத்துட்டு வருவா, உட்டா மொட்டை மாடிக்குக் கொண்டு போவா. ஊட்டுக்குள்ள கயிறு கட்டி அதுல தொங்க உட்டு ரெண்டு ஃபேனைப் போட்டு வெச்சிருந்தா. சமையக்கட்டுக்குப் போறதுன்னா குனிஞ்சு அந்தத் துணிக்கு அடியில போகோணும். எத்தனை நாளு அப்பிடி? எனக்கு ஊட்டுல இருக்கவே முடியலை, கடையிலயே படுத்துக்கிட்டேன். வேலை இருக்குதுன்னு சொன்னேன். மழைக்காலத்துல எவன் வண்டி கழுவ வருவான்?

நல்லாக் காஞ்சதும் புதுசாக் கோட்டிங் அடிச்சுத் திரும்பக் கொண்டு போயி மாட்டுனா. அதுக்கப்பறம் அது நல்லாத்தான் இருக்குதுங்க, இப்ப வரைக்கும். ஒரு பொட்டு இல்லை. டாக்டரம்மா அவ நம்பரை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. தெரிஞ்சவங்க எல்லாத்துக்கும் குடுத்திருக்காங்க. அன்னையில இருந்து போனு வந்தா அவளுக்குத்தான். கடைக்கு வந்து எங்கிட்ட நின்னு பேசறவன் கூட, அக்கா இல்லீங்களான்னு கேக்கறான். நான் என்ன சோத்துக்கு இருக்கேன்? அவ தணிஞ்சு பேசறா, சிரிச்சுப் பேசறா, அதுக்குத்தான் மயங்கறாங்கன்னு நான் நெனைக்கறேன். வேற என்ன காரணம் இருக்குது?

இல்லீங்க அம்மிணி, குழந்தைக இல்லை எங்களுக்கு. நீங்க கேட்டதுல தப்பில்லை, எல்லாரும் கேக்கறதுதான். ஒண்ணு பொறந்துச்சு. அதிக நாளு இருக்கலை. பெரியாசுபத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க, வெளிய வராந்தாவுல உக்காந்திருக்கச் சொன்னாங்க. எத்தனை நேரமுங்க ஒரு மனுசன் வராந்தாவுல உக்காந்திருப்பான்? உள்ளயும் உட மாட்டேங்கறாங்க, ஒண்ணும் சொல்லவும் மாட்டேங்கறாங்க. கதவையே பாத்துட்டு இருக்க என்னால முடியலை. கீழ எறங்கிப் போனேன். ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரு வண்டிய நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு இருந்தாரு. வண்டி பூராவும் சேறு. பக்கத்துலயே குழாய். நான் கழுவித் தரட்டுங்களான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. கழுவுனேன். நல்லாக் கழுவுனேன், சக்கரத்துக்கு உள்பக்கம் கூட உடலை. அது முடிஞ்சு பின்னால இன்னொரு வண்டி நின்னுச்சு, அதையும் கழுவிட்டு மேல போனேன். அதுக்குள்ள நர்சு வந்து அவகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

என்ன சொன்னாங்க, எப்பிடிச் சொன்னாங்கன்னு நான் கேட்டுக்கலை. கேட்டு என்ன ஆகப்போவுது. அவ அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தா, பக்கத்துல வேற ஒரு அம்மா அவ கையைப் புடிச்சுட்டு இருந்தாங்க, ஆருன்னு தெரியலை. என்ர சட்டை பூராவும் ஈரம். அவ என்னைப் பாத்துட்டு, போயித் தொடைச்சுக்கங்கன்னா. அதுதான் சொன்னா. அதுக்கப்பறம் இத்தனை வருசத்துல அதப் பத்தி ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லீங்க. ஒரு நாளும் இல்லை. அதனால அவளுக்கு அதுல மனசுல ஒண்ணும் இல்லீன்னு எனக்குத் தெரியும்.

இருங்க, ஏதோ வண்டிச் சத்தம் கேக்குது. பஸ்ஸு இல்லை, தேயிலை லாரி.

இந்த வேலைக்கு அவ எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தா. போஜண்ணன் டாக்டரம்மாவுக்கு எப்பிடியோ சிநேகம். மெஷினை ஒரு டெம்போவுல ஏத்தி உட்டுட்டு இவ பஸ்ஸுல வந்தா. நீங்க கடையப் பாத்துக்கங்கன்னா. பாத்துக்கலாம். ஆனா ஊட்டுல ஆரும் இல்லைன்னா எனக்கு ஊடு ஊடா இருக்காது. எதையாவது எடுத்து வெச்சு, எதையாவது தேச்சு, வாசலைக் கழுவி, பாத்ரூமைக் கழுவி, ஒரு நாளு மாடிப் படியெல்லாம் மெஷின் வெச்சு அடிச்சேன், பெயிண்டே போயிருச்சு. கெளம்பி வந்துட்டேன். உதவி பண்ணத்தானே வர்றேன்? ஒத்தையில ஒரு பொம்பளை மலையில என்ன பண்ணுவா?

வந்து எறங்கி அவளைக் கண்டேன். இந்தப் பாசியைத் தண்ணியில நனைச்சு ஊற உட்டு, பிரசு போட்டு மெதுவா எடுத்துட்டு இருந்தா. இதுக்குப் போயி இத்தனை நேரமான்னு கன்னை வாங்கி ஃபுல் பிரஷர் வெச்சு ஒரு ஓட்டு ஓட்டுனேன். பாசி பறந்துச்சு. போஜண்ணன் கடைக்குள்ள இருந்து கையைத் தட்டுனாரு. ஆனா அந்தக் கடைசியில, அதா தொங்குது பாருங்க ஓரத்துல சுருக்கம் வெச்ச பட்டி, அங்க தையலு விட்டுப் போச்சு. பழைய நூலுங்க, இத்துப் போனது, எப்பிடியும் போயிருக்கும். அவ ஊசியை எடுத்துட்டு ஏணி மேல உக்காந்து பூராவும் தைச்சு முடிச்சா. நான் கீழ ஏணியைப் புடிச்சுக்கறேன்னேன். புடிச்சுட்டுத்தான் இருந்தேன். நடுவுல போஜண்ணன் கடைக் கண்ணாடி அழுக்கா இருந்துச்சு, அதைத் தொடைச்சு உட்டுட்டு வந்தேன்.

அவ அதுக்கும் கோவப்படலைங்க. காலையில டீ குடிக்கறப்பத்தான் சொன்னா. எப்பவும் இப்பிடி நேராப் பேச மாட்டா, அதனால எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்குது. “மாமா, துணி காயற வரைக்கும் பக்கத்துல இருக்கறதும் வேலைதான்”னா. “உங்களுக்கு அது வரமாட்டேங்குது. நான் இங்க மழை வரைக்கும் இருக்கப் போறேன். நீங்களும் இருக்கறதுன்னா இருங்க. முடியலைன்னா சாயங்காலப் பஸ்ஸுக்குப் போயிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

தப்பா நெனைக்க மாட்டாளாமா. கட்டுன புருசன்கிட்டப் பேசற பேச்சுங்களா இது? இருபது வருசத்துக்கு மேல நிக்காம ஓடியிருக்கேன், ஆருக்காக ஓடுனேன்? என்ர பையை நானே எடுத்து வெளிய வெச்சுட்டேன். போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அவ அதப் பாத்தா. பாத்துட்டு, இந்தக் கோட்டிங் டின்னைத் தொறந்துறாதீங்க, நான் வந்து கையை வெச்சுப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு ரூமு பாக்கப் போயிட்டா.

அட, வெயிலு. பாத்தீங்களா அம்மிணி? எப்பிடி வந்துச்சு பாருங்க. மேகம் எங்க போச்சுன்னே தெரியலை. இப்பப் பாருங்க துணிய, எப்பிடி வெளுத்துக் கெடக்குது. இந்த ஒரு மணி நேரத்தை உட்டா இங்க திரும்ப வெயிலு எப்ப வருமோ. பஸ்ஸு வர்றதுக்குள்ள ஒரு பக்கம் அடிச்சு முடிச்சு வெச்சுட்டுப் போனா அவ வந்து பாத்து என்ன, வேண்டாம்னா சொல்லப் போறா? பிரசு இங்கதான் வெச்சிருக்கா. டின்னு மூடியைக் கொஞ்சம் நெம்புனாப் போதும். இந்த வாசம் உங்களுக்குத் தலை வலிக்கும், முந்தானையை மூக்குல வெச்சுக்கங்க.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க?

காஞ்சிருச்சுங்க. நான் சொல்றேன். இதா, கையை வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஜில்லுன்னு இல்லை. ஆனா என்ர கை தண்ணியிலயே கெடந்த கைங்க, அதுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். நீங்க வேணா வெச்சுப் பாருங்க. இந்தப் படியில ஏறுனா எட்டும். அங்க இல்லீங்க, அது வெயில் பட்ட எடம். அவ தையல் ஓரத்துலதான் வெப்பா, உள்பக்கமா. உள்ளங்கை வேண்டாம், புறங்கை. கொஞ்ச நேரம் எடுக்காம வெச்சிருங்க.

எப்பிடி இருக்குது?

ஜில்லுன்னு இருக்குதுங்களா.

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கொஞ்சமாவா, நெம்பவா? அடியில சொத சொதன்னு இருக்குதுன்னா… சரிங்க. எறங்குங்க, பாத்து, படி வழுக்கும். நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க, உங்களுக்கு இதுல என்ன இருக்குது.

மூடிட்டேன் பாருங்க. மூடி நல்லா எறங்கலை, ஒரு கல்லு எடுத்துத் தட்டிக்கறேன். ஆச்சு. பிரசு நனையவே இல்லீங்க, நீங்களே பாத்தீங்க.

ஒண்ணுஞ் செய்யாம நிக்கறது எவ்வளவு கஷ்டமுன்னு இந்த உலகத்துல ஆருக்கும் தெரியாது அம்மிணி. எல்லாரும் சும்மா இருக்கறவனைச் சோம்பேறின்னுதான் சொல்லுவாங்க. இவ எங்கிட்ட வந்து நீங்க சும்மா இருக்க மாட்டேங்கறீங்கன்னு குத்தம் சொல்றா. எனக்குக் காலுல இருந்து ஏறுது பாருங்க ஒரு பரபரப்பு, எறும்பு ஊர்ற மாதிரி. அந்த போர்டு எவ்வளவு அழுக்கா இருக்குது, பஸ் நிறுத்தம்னு எழுதியிருக்கறதே தெரியலை. ஒரு துணி இருந்தா… வேண்டாம். வேண்டாம், இருக்கட்டும்.

அதா வர்றா. கொடையை மடிச்சுக் கக்கத்துல வெச்சுட்டு ஏத்தத்துல வர்றா பாருங்க, பச்சைச் சேலை. அவதான். மூச்சு வாங்கறா. இந்த மேட்டுல எதுக்கு நடந்து வரோணும், ஒரு ஆட்டோ புடிச்சா என்ன?

ரங்கா, இவங்க பஸ்ஸுக்கு நிக்கறாங்க. சும்மா பேசிட்டு இருந்தோம். ரூமு கெடைச்சுதா? சரி. டின்னைத் தொறந்தேன், திரும்ப மூடிட்டேன். இல்லை, அடிக்கலை. இவங்களைக் கேளு. கையை வெச்சுப் பாத்தாங்க, ஜில்லுன்னு இருக்குதுன்னாங்க, உட்டுட்டேன்.

பாத்தீங்களா, நம்பாமப் போயித் தொட்டுப் பாக்கறா. ரெண்டு பக்கமும் பாக்கறா. டின்னையும் பாத்துட்டா. ஒண்ணும் சொல்லலை. எப்பவும் அப்பிடித்தான்னு சொன்னேனில்ல. ஆனா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது, இல்லீங்க? கோவமா இல்லை. எனக்கு அது என்னன்னு தெரியலை. இன்னைக்குக் காயாதுன்னு சொல்றா. நாளைக்கு மத்தியானம் பாக்கலாமாம்.

இந்தா வந்துருச்சு உங்க பஸ்ஸு. நான் சொன்னேன்ல மெதுவாத்தான் வரும்னு. உங்க பையக் குடுங்க, நான் ஏத்தி உடறேன். கண்டக்டரே, இவங்க மேட்டுப்பாளையம், ஒரு ஜன்னல் சீட்டாப் பாத்துக் குடுங்க. கூட்டம் இல்லீங்க, அப்பிடியே முன்னால போயி உக்காருங்க அம்மிணி. ஊருக்குப் போயிச் சேந்ததும் சூடா ஏதாவது குடிங்க, இந்தக் குளிரு உங்களுக்குப் பழக்கம் இல்லை.

நானா? ஏறலைங்க கண்டக்டரே. இல்லை, அந்தப் பை என்னுதுதான், இருந்தாலும் ஏறலை. நீங்க போங்க.

அம்மிணி, இக்கட்ட ஜன்னல் வழியாப் பாருங்க. அவ என்ர பைய எடுத்து மடியில வெச்சுட்டு பெஞ்சுல நகந்து உக்காந்திருக்கா. கூப்புடலை. நான் ஏறிருவேன்னு நெனைச்சுட்டு இருந்தாளோ என்னமோ, துணியத்தான் பாத்துட்டு இருக்கா. எத்தனை நேரம் உக்காருவேன்னு எனக்கே தெரியாதுங்க. போயி உக்காந்து பாக்கறேன்.